‘நான் எப்போ பெரிய ஆளாவேன்?’

குழந்தைகள் “நான் பெரிய ஆளானதும்” என்று ஆரம்பித்துச் சொல்வதையெல்லாம் கொஞ்ச காலமாகவே காது கொடுத்துக் கேட்டுவருகிறேன். டாக்டர் ஆவேன், விமானம் ஓட்டுவேன் என்பதெல்லாம் பெரும்பாலும் நாம் கேட்கிற கேள்விக்கு அவர்கள் சொல்கிற பதில். யாரும் கேட்காமல் தானாக வாயில் வருகிற ஆசை ரொம்பச் சின்னதாக இருக்கிறது. நான் பெரிய ஆளானதும் கதவை நானே பூட்டுவேன். ராத்திரி எல்லாரும் பேசி முடிக்கிறவரைக்கும் கூடவே உட்கார்ந்திருப்பேன். லிஃப்டில் நான்தான் பொத்தானை அழுத்துவேன். ரோட்டைக் கடக்கும்போது என் கையை யாரும் பிடிக்க வேண்டாம், நான் வேறு யார் கையையாவது பிடித்துக்கொண்டு போவேன். இந்தக் கடைசி ஆசை என் மகள் ஐந்து வயதில் சொன்னது. அன்றிலிருந்துதான் இந்த விஷயம் மனதில் ஓட ஆரம்பித்தது.

இப்படிப் பேசும்போது நாம் சிரித்துவிட்டு, கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றவில்லை. குழந்தை நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. அதில் ஒரு பங்கையாவது இன்றைக்கே கொடுக்க முடியும், பதினெட்டு வயதுவரை காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து பார்க்கலாம். ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்குக் குனிந்து ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். தாழ்ப்பாள், கண்ணாடி, அலமாரியின் மேல்தட்டு, துணி காயப்போடும் கொடி என்று எல்லாமே வேறு யாருடைய தோளுக்கோ அளந்து வைத்தது. கூட்டத்தில் நடந்தால் கண்ணுக்குத் தெரிவது இடுப்புகளும் தொங்குகிற பைகளும்தான். எப்போது எழுந்திருப்பது, எதை உடுத்துவது, எங்கே போவது, அங்கிருந்து எப்போது கிளம்புவது என்று எல்லாமே தலைக்கு மேலே முடிவாகிறது. ஆசை ஆசையாக ஏதோ ஒன்றில் மூழ்கியிருக்கும்போது “வா, நேரமாச்சு” என்று ஒரு கை வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். நம்மை யாராவது தினமும் இப்படி நடத்தினால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வோம்?

அப்புறம் இந்தக் காத்திருப்பு. நாலு வயதிலிருந்து பருவ வயதுவரை ஒரு குழந்தை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைக்காவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது, வளர்கிற குழந்தையின் கண்ணுக்கும் தெரியாது. நாம் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பால் ஜானே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் 1877-லேயே ஒரு கணக்குச் சொன்னார்: ஒருவருக்கு ஒரு வருஷம் எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பது அவர் இதுவரை வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வருஷம் வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்குப்படி, அந்தக் குழந்தையிடம் “அடுத்த வருஷம்” என்பது நாற்பது வயதுக்காரரிடம் “எட்டு வருஷம் பொறுங்கள்” என்பதற்குச் சமம். மனம் காலத்தை உணர்வது இவ்வளவு கறாரான கணக்கில் இல்லைதான். ஆனாலும் காத்திருக்கச் சொல்கிறவருக்கும் காத்திருக்கிறவருக்கும் ஒரே வருஷம் ஒரே நீளத்தில் இல்லை என்பது உண்மை.

பெரிய ஆளாவது என்றால் குழந்தைகள் மனதில் என்ன படம் இருக்கிறது? குழந்தைகளின் காலக் கணக்கை நேரடியாக அவர்களிடமே கேட்டு ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே. சின்னக் குழந்தைகள் வயதையும் உயரத்தையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. யார் உயரமோ அவர்தான் மூத்தவர். வளர்வது நின்றுவிட்டால் வயது ஏறுவதும் நின்றுவிடும். ஆகவே பாட்டிக்கு இனிமேல் வயது கூடாது, அக்காவை உயரத்தில் முந்திவிட்டால் வயதிலும் முந்திவிடலாம். பிறந்தநாள் கொண்டாட்டம்தான் வயதைக் கூட்டுகிறது என்று நம்புகிற சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள். கொண்டாடாவிட்டால் பழைய வயதிலேயே நின்றுவிடுவோமோ என்று அவர்களுக்குக் கவலை. இந்த வகை ஆய்வுகளைப் படித்த பிறகு, பிறந்தநாளன்று காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் போய் நிற்கிற குழந்தையை என்னால் முன்புபோலப் பார்க்க முடியவில்லை. அது நேற்றிருந்த அதே முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் படுத்திருக்கிறது. வயதை முழு எண்ணில் சொன்னால் போதாமல் “அஞ்சரை” என்று அந்த அரையை அழுத்திச் சொல்கிறார்களே, அந்த அரைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்தவர் லெவ் வைகாட்ஸ்கி. சோவியத் உளவியலாளர், 37 வயதிலேயே காசநோயில் போய்விட்டார். குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி அவர் 1933-ல் நிகழ்த்திய ஓர் உரை உண்டு. நான் படித்தவற்றில் குழந்தைகளின் இந்த ஏக்கத்தை இவ்வளவு மரியாதையோடு அணுகியது வேறில்லை. கைக்குழந்தைக்கு ஓர் ஆசை வந்தால் அது உடனே நிறைவேற வேண்டும், அல்லது கவனம் திரும்பி மறந்துபோக வேண்டும். மூன்று வயதை ஒட்டி வேறு மாதிரி ஆசைகள் முளைக்கின்றன. அவற்றை நிறைவேற்றவும் முடியாது, மறக்கவும் முடியாது. குதிரை ஓட்ட வேண்டும், அம்மா செய்கிறதையெல்லாம் தானும் செய்ய வேண்டும். விளையாட்டு பிறப்பது அந்த இடத்தில்தான் என்கிறார் அவர். குச்சி குதிரையாகிறது. விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்றும் சொல்கிறார்.

அந்த உரையில் இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். ஒருத்திக்கு ஐந்து வயது, இன்னொருத்திக்கு ஏழு. இரண்டு பேரும் “அக்கா தங்கச்சி” விளையாட்டு விளையாடுகிறார்கள். நிஜத்திலேயே அக்கா தங்கைதான், இதில் விளையாட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் விளையாடும்போது கையைக் கோத்துக்கொள்கிறார்கள், ஒரே மாதிரி உடுத்திக்கொள்கிறார்கள், மூத்தவள் இளையவளிடம் மற்றவர்களைப் பற்றி “அது அவங்களோடது, நம்மளோடது இல்லை” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சாதாரண நேரத்தில் யோசிக்காமலே இருக்கிற உறவு, விளையாட்டில் கட்டுப்பட வேண்டிய விதியாகிவிடுகிறது. குழந்தைகளின் “பெரிய ஆள்” விளையாட்டு எதுவாக இருந்தாலும் இதைப் பார்க்கலாம். டீச்சராக நடிக்கிற பிள்ளை நிஜ டீச்சரைவிடக் கண்டிப்பாக இருக்கிறது. பொம்மைக்கு அம்மாவாக இருக்கிற பிள்ளை பொம்மையை ஒரு நிமிஷம் தனியே விடுவதில்லை.

இதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது, பெரியவர்கள் வாழ்க்கையிலிருந்து அவர்கள் எதைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பது. நம்முடைய ஓய்வை யாரும் விளையாடுவதில்லை. சோபாவில் சாய்ந்து கிடக்கிற அப்பாவாக எந்தக் குழந்தையும் நடித்து நான் பார்த்ததில்லை. ஆபீஸுக்குக் கிளம்புகிறார்கள், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு “ஆமா, நான் வந்து பார்க்கிறேன், நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க” என்று யாரையோ சமாதானப்படுத்துகிறார்கள், காகிதத்தில் கிறுக்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள், “அம்மாடி, இன்னைக்கு எவ்வளவு வேலை” என்று நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்கள். களைப்பைக்கூட ஆசையாக விளையாடுகிறார்கள். பெரியவர்களிடம் அவர்கள் கண்டு வியப்பது சுதந்திரத்தை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். இவர் வராவிட்டால் ஏதோ ஒன்று நடக்காது, இவருக்காக யாரோ எங்கோ காத்திருக்கிறார்கள். குழந்தை கேட்பது அந்த இடம்.

அந்த ஆசை நினைக்கிறதைவிட முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினெட்டு மாதக் குழந்தைகள் முன்னால் ஓர் ஆள் துணி காயப்போடுகிறார், கிளிப் கைதவறி விழுகிறது, எட்டவில்லை. இன்னொரு தடவை, கை நிறைய எதையோ சுமந்துகொண்டு வந்து மூடிய அலமாரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். உதவி செய் என்று யாரும் குழந்தையிடம் சொல்லவில்லை. 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு சந்தர்ப்பத்திலாவது உதவினார்கள். கிளிப்பை எடுத்துக் கொடுத்தார்கள், தள்ளாடி நடந்து போய் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டார்கள். பேச்சே இன்னும் முழுதாக வராத வயது. இரண்டு வருஷம் கழித்து அவர்களே செய்த இன்னோர் ஆய்வில், உதவியதற்குப் பரிசு கொடுத்துப் பழக்கப்பட்ட இருபது மாதக் குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். உதவியதிலேயே அவர்களுக்கு வேண்டியது கிடைத்திருக்கிறது, பரிசு குறுக்கே வந்து அதைக் கெடுத்துவிடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஆசையை வீட்டில் என்ன செய்கிறோம்? துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வருகிற இரண்டு வயதுக் குழந்தையிடம் “நீ போய் விளையாடு கண்ணு, நான் சீக்கிரம் முடிச்சுட்டு வர்றேன்” என்கிறோம். அன்போடுதான் சொல்கிறோம். குழந்தை பெருக்கினால் குப்பை இன்னும் பரவும், நமக்கு நேரம் இல்லை, அதுவும் நிஜம். ஆனால் அதே பிள்ளைக்குப் பத்து வயதாகி, வேலை சுத்தமாகச் செய்யத் தெரிந்த காலத்தில் கூப்பிட்டால் வருவதில்லை. வீட்டு வேலை தன்னுடையதல்ல என்பதை இடைப்பட்ட வருஷங்களில் நாமே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மெக்சிகோவின் பூர்வகுடிச் சமூகங்களில் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை உளவியலாளர் பார்பரா ரோகோஃபும் அவரோடு வேலை செய்தவர்களும் நெடுங்காலம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அங்கே தத்துப்பித்தென்று செய்கிற வயதிலேயே குழந்தையை வேலைக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள், பெரிதானதும் யாரும் சொல்லாமல் தானாகவே கை கொடுக்கிறது. முதலில் சேர்த்துக்கொள்கிறார்கள், திறமை பிறகு வருகிறது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

என் மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தோம். வெளியே கிளம்பும்போது பூட்டுவது அவள் பொறுப்பு. முதல் நாட்களில் சாவியைத் துளைக்குள் நுழைக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. இடது கையால் பூட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கால் பெருவிரலில் நின்றுகொண்டு, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு திருப்புவாள். தப்பான பக்கம் திருப்பினால் சாவி நகராது. உடனே கையை எடுத்துவிட்டு, காற்றில் ஒரு தடவை இப்படியா அப்படியா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டு மறுபடியும் போவாள். அந்த நேரத்தில் என் கை தானாக முன்னால் நீளும், அதைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பதுதான் எனக்கிருந்த வேலை. டக்கென்று சத்தம் கேட்டதும் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் என்னைப் பார்த்து “நீங்களும் இழுத்துப் பாருங்கப்பா” என்பாள். நான் இழுத்துப் பார்ப்பேன். அந்தச் சோதனை அவளுக்கு முக்கியம், வேலை நிஜமான வேலை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பொம்மைச் சாவியில் யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

ஒரு மாலை பாதி வழியில் நின்று “அப்பா, பால்கனிக் கதவைச் சாத்தினோமா?” என்று கேட்டாள். வாசல் கதவு மட்டும்தான் அவளிடம் கொடுத்தது. வீடு மொத்தமும் அவளுடைய கவலைக்குள் வந்துவிட்டது. பாதுகாப்பைப் பற்றி நான் என்ன பிரசங்கம் செய்திருந்தாலும் இது வந்திருக்காது.

இன்னொரு பங்கு, பேச்சில். பெரியவர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் குழந்தை வந்து நின்றதும் குரல் இறங்கும், யாராவது ஒருவர் “சின்னப்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை, போய் விளையாடு” என்பார். குழந்தைகள் கேட்கக் கூடாத பேச்சும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாழ்க்கையையே புரட்டிப்போடப் போகிற விஷயங்களும் இப்படித்தான் தாழ்ந்த குரலில் முடிவாகின்றன. வீடு மாறப் போகிறோம், பள்ளிக்கூடம் மாறப் போகிறாய், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. நான் சின்னவனாக இருந்தபோது வீடு மாறுவது எனக்குத் தெரிந்தது சாமான்களைக் கட்ட ஆரம்பித்த அன்றைக்குத்தான். அடுத்த வாரம் விளையாட நண்பனோடு போட்ட திட்டம் அப்படியே கிடந்தது, அவனிடம் சொல்லிவிட்டு வரக்கூட நேரமில்லை. போக மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? தெரிந்திருந்தால் போதும், அவனைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தன் கருத்தை உருவாக்கிக்கொள்ளத் திறன் உள்ள குழந்தைக்கு, தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயத்திலும் அதைச் சுதந்திரமாகச் சொல்லும் உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய மதிப்பும் கொடுக்க வேண்டும். குழந்தை சொல்வதே முடிவு என்று அங்கே எழுதியில்லை. இதைச் சொன்னால் பலர் “அப்போ எல்லாத்தையும் அதுங்ககிட்டே கேட்டுட்டுத்தான் செய்யணுமா” என்று கோபப்படுகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கேட்ட பிறகு நாம் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஏன் அப்படி எடுத்தோம் என்று சொல்லலாம். அந்தக் காரணத்தைச் சொல்கிற மரியாதையைத்தான் நாம் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எதிர்பார்க்கிறோம்.

குழந்தைகளை மிகவும் குழப்புவது நாம் அளவுகோலை மாற்றி மாற்றி வைப்பதுதான். காலையில் “நீ இன்னும் சின்னப்பிள்ளை, உனக்கு அதெல்லாம் புரியாது.” சாயங்காலம் விழுந்து அடிபட்டு அழுதால் “இவ்வளவு பெரிய பிள்ளையாயிட்டே, இன்னும் அழுறே பாரு.” ஒரே நாளில் அதே பிள்ளைதான் இரண்டையும் கேட்கிறது. வீட்டில் மூத்ததாகப் பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தம்பி பொம்மையைப் பிடுங்கினால் “நீதானே பெரியவ, விட்டுக்கொடு”. அதே பெரியவள் ராத்திரி அரை மணி நேரம் கூட விழித்திருக்கக் கேட்டால் “சின்னப்பிள்ளைங்க தூங்குற நேரம் இது”. விட்டுக்கொடுக்கிற கடமை மட்டும் வந்துவிடுகிறது, பெரியவளாக இருப்பதன் உரிமை ஒன்றுகூட வருவதில்லை. மூத்த பிள்ளைகளிடம் காணப்படுகிற அந்தப் பொருமலை பொறாமை என்று சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிறோம். அதில் நியாயக் கணக்கு ஒன்று இருக்கிறது, அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நான் எழுதியது அரைகுறையாகிவிடும். பெரிய ஆளாக ஆசைப்பட நேரமே கிடைக்காத குழந்தைகள் இருக்கிறார்கள். நோயில் படுத்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள், குடிக்கிற அப்பாவின் முகம் பார்த்துத் தம்பி தங்கைகளை வேறு அறைக்கு நகர்த்துகிறவர்கள், மொழி தெரியாத ஊரில் பெற்றோருக்காக மருத்துவரிடமும் அதிகாரிகளிடமும் பேசுகிறவர்கள். “பொறுப்பான பிள்ளை” என்று ஊரே பாராட்டும். அந்தப் பாராட்டு ஒரு பூட்டு மாதிரி அவர்கள் மேல் விழுந்துவிடுகிறது, அதற்குப் பிறகு களைப்பாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாது. நான் சொல்கிற பொறுப்பு வேறு. குழந்தை தப்பாகப் பூட்டினாலும் வீடு பறிபோய்விடாது, பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார், வேண்டாம் என்று தோன்றினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் விளையாடலாம். அப்படித் திருப்பிக் கொடுக்க வழியில்லாத குழந்தையைப் பார்த்தால் பாராட்டுவதைவிட, அதன் கையில் இருப்பதில் பாதியை நாம் வாங்கிக்கொள்வதுதான் செய்ய வேண்டியது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஏக்கத்தின் முகம் மாறுகிறது. உடம்பு பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது, இடம் மட்டும் பழைய இடம்தான். உளவியலாளர் டெரி மோஃபிட் 1993-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை முதிர்ச்சி இடைவெளி என்று குறிப்பிட்டார். உடலளவில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சமூகம் வளர்ந்தவர்களின் பொறுப்பையும் உரிமையையும் கொடுக்க இன்னும் பல வருஷங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில் புகைப்பது, குடிப்பது, விதிகளை மீறுவது போன்றவை பெரியவர்கள் உலகத்துக்கு நுழைவுச்சீட்டுகளாகத் தெரிகின்றன, பெரும்பாலான பிள்ளைகளின் மீறல் அந்த வயதோடு முடிந்துபோவதற்கும் காரணம் இதுதான் என்பது அவருடைய விளக்கம். உழைத்துப் பெறுகிற வாசல் சாத்தியிருந்தால், கைக்கு எட்டுகிற வெளி அடையாளங்களைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றே நானும் நினைக்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் கையிலிருக்கிற சிகரெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டுகிற வீட்டில், அவனை நம்பி ஒப்படைத்த ஒரு நிஜ வேலையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பதில் வராது. உடைகள், முகப்பூச்சு, போன் பற்றியெல்லாம் தனியாக எழுத நிறைய இருக்கிறது. இங்கே வேண்டாம்.

பெரியவர்கள் பக்கம் வருகிறேன். உளவியலாளர்கள் டேவிட் ரூபினும் டோர்த்தே பெர்ன்ட்சனும் டென்மார்க்கில் 1,470 பேரிடம் “உங்களுக்கு எத்தனை வயதுபோல உணர்கிறீர்கள்” என்று கேட்டு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இருபத்தைந்துக்குக் கீழே இருந்தவர்கள் தங்கள் வயதைவிட மூத்தவர்களாகவும், நாற்பதைத் தாண்டியவர்கள் சராசரியாக 20 சதவீதம் இளையவர்களாகவும் உணர்ந்தார்கள். ஏறத் துடித்தவர்கள் ஒரு கட்டத்தில் இறங்கத் துடிக்கிறார்கள். அதனால்தான் குழந்தையைப் பார்த்ததும் “உனக்கென்ன கவலை, நீ இப்படியே சின்னப்பிள்ளையா இருந்துடு” என்று வாய் சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தப் பேச்சு அறவே பிடிக்காது. குழந்தைக்குக் கவலை உண்டு. கோபித்துக்கொண்ட தோழி நாளைக்கு என்னோடு பேசுவாளா என்பது எட்டு வயதில் தூக்கத்தைக் கெடுக்கிற கவலை. நம் ஏக்கத்தைச் சுமக்கிற இடமாக அவர்கள் இருக்க வேண்டியதில்லை. போகிற இடத்தைப் பற்றி ஆசையோடு கேட்கிறவரிடம், அங்கிருந்து வந்தவர் “அங்கே ஒன்றுமில்லை, வராதே” என்று மட்டும் சொல்லலாமா? பெரியவர்களாக இருப்பதில் எனக்குப் பிடித்தது நிறைய இருக்கிறது. நான் யாரோடு பழகுவது என்று நானே தீர்மானிக்கிறேன், தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இன்னொரு நாள் கேட்டு வாங்க முடிகிறது, என்னை நம்பி ஒருத்தி ரோட்டைக் கடக்கிறாள். இதையும் குழந்தைகளிடம் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிற பேச்சு, அரை மணி நேரம் வீட்டில் தனியாக இருப்பது. மகளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. வெறுமனே கேட்டால் நாங்கள் சம்மதிக்க மாட்டோம் என்று தெரிந்து, என்னென்ன நடந்தால் என்னென்ன செய்வேன் என்று நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். மணி அடித்தால் திறக்க மாட்டேன். அப்பாவே அடித்தாலும் குரலைக் கேட்டுவிட்டுத்தான் திறப்பேன். அடுப்புப் பக்கம் போக மாட்டேன். பயமாக இருந்தால் போன் செய்வேன், பயமாக இல்லாவிட்டால் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். இந்தக் கடைசி வரியில்தான் அவளுடைய அம்மாவுக்கு உடன்பாடில்லை, பாதி நேரத்தில் ஒரு தடவையாவது கூப்பிட வேண்டும் என்கிறாள். மகள், அப்படியென்றால் அது தனியாக இருந்ததாகாது என்கிறாள். மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன், அது தாளில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். சரியான பதிலோடு வந்தால் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மாடி வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதாக இருக்கிறோம், போன் செய்யாமல்.